விதைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மென்பொருள் மேசை

நம் இயக்கக் கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. கம்பெனி விதையை வாங்கினால் அடுத்த பட்டத்துக்கும் கம்பெனி வாசலில்தான் நிற்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அதே கூட்டம் முடிந்ததும், வந்தவர்கள் பெயரையும் வரவு செலவையும் ஏற்றுவதற்கு ஒருவர் கணினியைத் திறப்பார். அதில் ஓடுவது பெரும்பாலும் டவுன் கடைக்காரர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 'போட்டுக் கொடுத்த' திருட்டு விண்டோஸும் திருட்டு ஆபீஸும்தான். கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே சார் வச்சிருக்காங்க" என்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நாலு ஏக்கரில் இயற்கை வழியில் பயிர் வைக்கிறவன் நான். கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் நம் குடுமியும் இருக்கும் என்பது நான் பார்த்த உண்மை. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். நம் விதைத் திருவிழாக்களிலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகங்களிலும் ஒரு மேசை போட வேண்டும். அதில் ஒரு கணினி இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் கட்டற்ற மென்பொருளை நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். விதைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே அந்த மேசை இருக்க வேண்டும்.

"விவசாயப் பத்திரிகையில் இது எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இதுவும் விதை மாதிரிதான்

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், யாரும் பூட்டி வைக்க முடியாத ஓர் இயங்குதளத்தை எழுதப்போகிறேன் என்று அறிவித்தார். அதற்கு குனூ என்று பெயர். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததைத்தான் இன்றைக்கு லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

கட்டற்ற மென்பொருள் நமக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து, நமக்கு ஏற்ப மாற்றலாம். நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நாம் மாற்றியதையும் கொடுக்கலாம். நம் தாத்தா காலத்து நெல்லுக்கு இந்த நான்கும் இருந்தன. விதைக்கலாம், நம் மண்ணுக்கு ஏற்ற கதிரைப் பொறுக்கலாம், சம்பந்தி வீட்டுக்கு ஒரு மரக்கால் கொடுக்கலாம், பொறுக்கி எடுத்த விதையையும் கொடுக்கலாம். காசில்லாமல் கிடைக்கிறது என்பது இதில் இரண்டாம் பட்சம். கை கட்டப்படவில்லை என்பதுதான் முதல் விஷயம்.

நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை எல்லோரும் அறிவோம். இரண்டு கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு நிபந்தனைதான் மரபு நெல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கட்டற்ற மென்பொருளில் புகழ்பெற்ற ஜி.பி.எல். உரிமமும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1989இல் வந்தது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது, உனக்குக் கிடைத்த அதே உரிமையோடு கொடு என்கிறது.

இந்த உறவை விதைக்காரர்களும் கண்டுகொண்டார்கள். 2012இல் அமெரிக்காவில் தாவர வளர்ப்பாளர்களும் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்ந்து 'திறமூல விதை முன்னெடுப்பு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இந்த விதையையோ இதிலிருந்து வந்த விதையையோ யாரும் காப்புரிமை போட்டு அடைக்கக் கூடாது என்பது அதன் உறுதிமொழி. மென்பொருள்காரர்களிடம் படித்த பாடம் அது. நாம் அவர்களிடம் படிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

தென்னாப்பிரிக்காவின் டோஸ்டர்

2000களின் நடுவில் தென்னாப்பிரிக்காவில் இணையம் என்பது காசுள்ளவர் சமாச்சாரம். தரைவழித் தொலைபேசி ஒரே நிறுவனத்தின் ஏகபோகம். கட்டணம் அதிகம், வேகம் குறைவு. ஒரு முழு சி.டி. என்பது 700 எம்.பி. பழைய டயல்-அப் இணைப்பு தன் முழு வேகத்தில், அறுந்து போகாமல் ஓடினாலும் அதை இறக்க 28 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரத்துக்கும் போன் பில் ஏறிக்கொண்டிருக்கும். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத இலவசம்.

அந்த நாட்டைச் சேர்ந்தவர் மார்க் ஷட்டில்வொர்த். தன் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999இல் பெரும் தொகைக்கு விற்றவர். 2002இல் விண்வெளிக்குப் போய் வந்தவர். 2004இல் உபுண்டு லினக்ஸைத் தொடங்கியவரும் அவரே. அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. நம் ஊரில் ஏ.டி.எம். இருக்கிற மாதிரி, பொது இடங்களில் ஒரு பெட்டியை நிறுத்தினார்கள். வெற்று சி.டி.யோ டி.வி.டி.யோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரையில் வேண்டியதைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால், பெட்டி அதில் பதிந்து கொடுத்துவிடும். காசு கிடையாது. பெட்டிக்கு விளையாட்டாக 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள், அதாவது சுதந்திர டோஸ்டர். உள்ளே வெறும் வட்டைப் போட்டால் பதமாக வெளியே வரும், ரொட்டி மாதிரி.

அதே காலத்தில் உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுவதும் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பினார்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அந்தத் தபால் உறையில்தான். 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். சி.டி.யின் காலமும் முடிந்தது. டோஸ்டர் பெட்டிக்கு இனி வேலை இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நெட்தான் சல்லிசாச்சே, பெட்டி எதற்கு?

இது நியாயமான கேள்வி. இன்றைக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறோம். ஒரு லினக்ஸ் மென்பொருளை இறக்குவது பெரிய காரியமே இல்லை.

ஆனால் மாப்பிள்ளைச் சம்பா நம் ஊரில் பரவாமல் கிடந்தது விதை கிடைக்காததால் மட்டுமா? எங்கோ யாரிடமோ இருந்தது. யாரிடம் என்று தெரியாது. தெரிந்தாலும், எப்போது நாற்று விடுவது, எத்தனை நாள் பயிர், சாயுமா சாயாதா என்று சொல்ல ஆள் இல்லை. விதையோடு சேர்த்து அந்தச் சொல்லையும் கொடுத்ததால்தான் திருவிழா வென்றது. மென்பொருளும் அப்படித்தான். எது நல்லது, எங்கே கிடைக்கும், போட்டால் என் பழைய ஃபைல் போயிடுமா, தமிழில் அடிக்க முடியுமா, பிரிண்டர் வேலை செய்யுமா: இந்தக் கேள்விகளுக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் டவுன் கடைக்காரர்தான் குரு. அவருக்குத் திருட்டு விண்டோஸ் போடத்தான் தெரியும்.

ஆள் இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இல்லாததால் அது மூலையில் கிடந்தது. பக்கத்துக் கேரளத்தில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப் புத்தகத்தையும் லினக்ஸை வைத்தே எழுதினார்கள். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது பழகின பொருள். இங்கே கொடுத்ததும் அங்கே கொடுத்ததும் ஒரே வகை விதைதான். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

அதனால் நான் கேட்பது ஆளில்லாத இயந்திரம் அல்ல. ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் ஓர் ஆள்.

இதில் நமக்கு என்ன நஷ்டம்?

மூன்று விஷயம் சொல்கிறேன். மூன்றும் நம் வயலோடு சம்பந்தப்பட்டவை.

ஒன்று, சட்டம். நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பெரும்பாலும் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவை. பங்குதாரர் பணம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாத இடத்தில் நீதிமன்றம் தளர்த்தலாம். ஆனால் நாம் செய்வது வியாபாரம். ஆயிரம் சிறு உழவர்கள் பங்கு போட்ட நிறுவனத்தை, ஒரு சாதாரண ஆபீஸ் மென்பொருளுக்காக அந்த நிலையில் நிறுத்துவது நிர்வாகக் குழு செய்யக் கூடாத காரியம்.

இரண்டு, பழைய கணினிகள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 2018க்கு முந்திய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லாதவை. கணினி நன்றாக ஓடும், ஆனால் மென்பொருள்காரர் 'காலாவதி' என்று சொல்லிவிட்டார். நல்ல உழவு மாட்டை அடிமாட்டுக்கு ஏற்றுகிற கதை. லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டால் அவற்றில் பல இன்னும் பல வருடம் உழைக்கும். நம் வீட்டுப் பரணில் கிடக்கிற அந்த விலையில்லா மடிக்கணினிகளில் சிலவும் எழுந்து உட்காரும்.

மூன்று, இதுதான் எனக்கு முக்கியம்: நம் குறிப்புகள். பி.ஜி.எஸ். சான்றிதழுக்குக் குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்து குழு அமைக்கிறோம். என்ன விதை, எப்போது நட்டது, என்ன இடுபொருள், பக்கத்து வயலில் யார் மருந்து அடிக்கிறார், எல்லாம் எழுதி வைக்க வேண்டும். இப்போது 'உங்கள் பண்ணைக் குறிப்பை எங்கள் செயலியில் ஏற்றுங்கள், இலவசம்' என்று பல கம்பெனிகள் வருகின்றன. உள்ளே போடுவது சுலபம். நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால்? கம்பெனியே மூடிவிட்டால்?

நான் பணியில் இருந்தபோது ஒரு சிறு கடன் சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார். கணினிக்குள் கணக்கு இருக்கிறது, ஆனால் வேறு எதிலும் அதைத் திறக்க முடியவில்லை. பழைய காகித அச்சுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு உறுப்பினரின் பாக்கியையும் கையால் திரும்ப ஏற்றினார்கள். மாதக்கணக்கில் ஆனது. அச்சு எடுத்து வைத்த பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது. நாம் எத்தனை பேர் அச்சு எடுத்து வைக்கிறோம்?

மேசையில் என்ன இருக்க வேண்டும்?

நீளமான பட்டியல் வேண்டாம். விதைப் பந்தலில் நூறு ரகத்தைப் பார்த்துக் குழம்புகிற புது உழவர் மாதிரி ஆகிவிடும்.

கணினிக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பழையதை அழிக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் பார்த்துவிட்டு நடவு போடுகிற வசதி இது. விண்டோஸை விட மனமில்லாதவர்களுக்கு, அதிலேயே ஓடும் லிப்ரே ஆபீஸ். கடிதம், அட்டவணை எல்லாம் அதில் வரும், தமிழ் முகப்பும் உண்டு. வரவு செலவுக்குக் குனூகேஷ். முறையான இரட்டைப் பதிவுக் கணக்கு அது, வங்கிக்காரன் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. நிலத்தின் வரைபடம், கிணறு, வரப்பு, வடிகால் போட்டுப் பார்க்க கியூ.ஜி.ஐ.எஸ். நெட் இல்லாத இடத்திலும் தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கக் கிவிக்ஸ். போனுக்கு எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கிடங்கு, அதிலிருந்து குறிப்பேடு மாதிரி நாலைந்து செயலிகள். இவ்வளவு போதும்.

செலவு? பரணில் இருக்கும் ஒரு மேசைக் கணினி, கொஞ்சம் பெரிய ஹார்ட் டிஸ்க், பத்துப் பென்டிரைவ், தமிழில் அச்சடித்த ஒரு பக்கக் குறிப்பு. பென்டிரைவ் கொண்டுவருகிறவருக்கு நகல் இலவசம். வாங்கிக்கொள்கிறவரிடம் பென்டிரைவ் விலையை மட்டும் வாங்கலாம்.

இரண்டு கட்டுப்பாடு மட்டும் கறாராக வேண்டும். விதைக்கு முளைப்புத் திறன் பார்க்காமல் நாம் கொடுப்பதில்லை. அதே மாதிரி, மென்பொருளை அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும், அவர்கள் வெளியிடும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் நகல் கொடுக்க வேண்டும். அடுத்தது, பென்டிரைவ் வழியாக வைரஸ் தொற்றும். வருகிற பென்டிரைவைத் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். 'உள்ளே இருப்பது அழிந்துவிடும், காலிப் பென்டிரைவ் கொண்டுவாருங்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பேத்தியின் பிறந்தநாள் போட்டோ போச்சு என்று சண்டை வரும்.

உட்கார ஆளுக்கு எங்கே போவது? நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறியியல் படித்த பிள்ளைகள் இல்லாத ஊர் எது? சென்னையில் லினக்ஸ் பயனர் குழு நெடுங்காலமாக இயங்குகிறது. 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடுகிறார்கள். இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசை, நமக்குக் கற்றுக்கொள்ளத் தேவை. இரு தரப்பும் ஒரே பந்தலில் சந்தித்தது இல்லை, அவ்வளவுதான். அவர்களை அழைத்தால் போகும்போது ஒரு படி சீரகச் சம்பாவும் கொண்டுபோவார்கள்.

எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல

பஞ்சகவ்யாவை எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. இதுவும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டர் கேட்கிற மென்பொருளிலேயே கொடுக்க வேண்டியிருந்தால், அதைக் காசு கொடுத்து முறையாக வாங்குங்கள். சில பிரிண்டர் லினக்ஸில் மக்கர் பண்ணும். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். இரசாயனத்திலிருந்து மாறின முதல் போகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அலுவலகத்தில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றில் போடுங்கள். முதலில் லிப்ரே ஆபீஸ் மட்டும் போதும்.

"நாங்க இன்னும் நோட்டுலதான் எழுதறோம், எங்களுக்கு எதுக்குங்க?" என்கிற உழவருக்கும் ஒரு வார்த்தை. நோட்டு நல்லது, விடாதீர்கள். ஆனால் உங்கள் குழுவின் கணக்கும், நெல் விற்ற பணமும், சான்றிதழும் ஏற்கெனவே ஏதோ ஒரு கணினிக்குள் போய்விட்டன. அது யாருடைய பூட்டுக்குள் இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.

இயக்கத்தின் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த விதைத் திருவிழாவில் எட்டுக்கு எட்டு இடமும், ஒரு மின் இணைப்பும், இரண்டு நாற்காலியும் ஒதுக்குங்கள். கணினியும் பத்துப் பென்டிரைவும் நான் கொண்டுவருகிறேன். தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன். எத்தனை பேர் வாங்கிப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்து சந்தேகம் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் கணக்கு வைப்போம். வந்தவர்களில் பத்துப் பேர் அடுத்த திருவிழாவுக்குள் தங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருந்தால், மேசையை அடுத்தடுத்த மாவட்டங்களுக்கும் கொண்டுபோவோம். இல்லையென்றால் எங்கே பிசகியது என்று அதே நோட்டைப் பார்த்துப் பேசுவோம்.